கோளறு பதிகமும் இல்லத்தெழும் சோதிட வழக்கும்

திருத்தணிகை தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் எல்லையூர். 1953ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் பிரிந்தபொழுது அதனோடு சேர்ந்திருந்து, 1960ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாளில் எல்லை திருத்தப்பட்டபின் தமிழகத்திற்கு மீண்டது. ஆகலின் அவ்வூரில் காலத்தை அளக்கும் முறையும் இரண்டாய் அமைந்தது. தமிழர் ஞாயிற்றின் செலவை அளவாகக் கொண்டு சித்திரை முதல் நாளில் ஆண்டு பிறந்ததென்பர். தெலுங்கர் திங்களின் செலவை அளவாகக் கொண்டு உகாதியன்றே பிறந்ததென்பர். கொள்வனை கொடுப்பனையால் இவ்விரு திறத்தாரும் ஒன்றாமிடத்து, ஒரு வீட்டினுள் ஆண்டு இருமுறை பிறக்கும். இது பிணக்கிற்கு ஏதுவன்று. எண்ணும் முறையில் உள்ள வேற்றுமையே இது.

பிணக்கு எழுவது வேறோரிடத்து. “செவ்வாய் நின்ற இடம் தீது; இப்பெண் நம் குடிக்கு ஆகாள்” என்பார் ஒருவர். “கோடிக்கணக்கான கல் தொலைவிலே சுழலும் மண்ணுருண்டை இவளை என் செய்யும்?” என்பார் விஞ்ஞானம் பயின்ற மற்றொருவர். இவர் கணவனும் மனைவியுமாகவோ தந்தையும் மகனுமாகவோ இருப்பின், வழக்கு நூல்வழக்காய் நில்லாது மனத்தைப் புண்படுத்தும் சொல்வழக்காய் முடிதலும் உண்டு. இருவரும் தத்தம் பக்கத்திற்குச் சான்றாகக் காட்டுவது பெரும்பாலும் ஒரே நூலாதல் வியப்பிற்குரியது. அது திருஞானசம்பந்தப் பிள்ளையார் அருளிய கோளறு பதிகம். அப்பதிகத்தை இருவரும் பிறழவுணர்ந்தனர் என்பதும், பிறழாது உணரின் இல்லத்து வழக்கிற்கு அதன்கண்ணே முடிபு உண்டென்பதும் ஈண்டு ஆராயப்படும்.

இரண்டாந் திருமுறையில் 85ஆம் பதிகமாய் வைக்கப்பெற்ற இத்திருப்பாட்டுக்கள் எழுந்த இடம் திருமறைக்காடு. மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் விடுத்த தூதினை ஏற்றுப் பிள்ளையார் மதுரைக்கு எழுந்தருளத் துணிந்தார். உடனிருந்த திருநாவுக்கரசு சுவாமிகள் தடுத்தார். அவர் கூறிய காரணம் இரண்டென்பது சேக்கிழார் பெருமான் வாக்கால் விளங்கும். அங்குள்ள அமணர் வஞ்சனைக்கு எல்லையில்லை என்பது முன்னது. கோள்நிலையும் தீதாயிருக்கின்றது என்பது பின்னது. பிள்ளையார், நாம் போற்றுவது நம்பெருமான் திருவடியாயின் பழுது வந்து சேராது என்னும் கருத்துப்பட விடை கூறிப் பதிகம் பாடினார். இதுவே வரலாறு.

இதனைக் கொண்டு சீர்திருத்தம் பேசுவோர், “நாவுக்கரசர் மூடநம்பிக்கையால் தடுத்தார், சம்பந்தர் அறிவினால் அதனை வென்றார்” என்பர். இவ்வுரை நாவுக்கரசர் வரலாற்றை மறந்த உரை. நீற்றறையில் இடப்பட்டும், நஞ்சூட்டப்பட்டும், யானை முன் நிறுத்தப்பட்டும், கல்லொடு பிணித்துக் கடலிற் பாய்ச்சப்பட்டும் அஞ்சாத பெரியார் அவர். அரசன் ஆணையை மறுத்து மறுமாற்றத் திருத்தாண்டகம் பாடியவர். தம்பொருட்டு எதற்கும் அஞ்சாத ஒருவர் ஒரு குழந்தையின்பொருட்டு அஞ்சினார் என்பதே உண்மை. முற்கூறிய காரணம் அவர் தம் உடம்பிற் பட்டறிந்தது. பிற்கூறியது அவ்வச்சத்திற்குத் துணையாகச் சேர்ந்தது. அன்பு அஞ்சும்பொழுது கையிற் கிடைத்த காரணத்தையெல்லாம் எடுத்துக் காட்டும். அக்காலத்துக் கிடைத்த காரணங்களுள் கோள்நிலையும் ஒன்று. அவர் வாயில் ‘கோள்’ என்னும் சொல் ‘போகாதே’ என்னும் சொல்லின் மறுவடிவமேயாம்.

இவ்வியல்பு அகப்பொருள் நூல்களிலும் காணப்படும். தலைவி மெலிவுகண்டு தாய் கட்டும் கழங்கும் பார்ப்பிப்பாள். வேலனை அழைத்து வெறியாடச் செய்வாள். மெலிவின் காரணம் தலைவன்பாற் சென்ற காதல் என்பதைத் தோழி அறிவாள். நற்றிணை 34ஆம் பாட்டில் அத்தோழி, அழைத்தவுடன் வெறிக்களத்திற்கு வந்த முருகக் கடவுளையே நோக்கி, இந்நோய் நின்னால் வந்ததன்றென அறிந்தும் வந்தாயாதலின் நீ தெய்வமேயாயினும் அறியாமையுடையை என இடித்துரைத்து, உடனே வாழ்த்தவும் செய்கின்றாள். ‘வெறிவிலக்கு’ என்னும் இத்துறை, குறிபார்த்தலைப் பற்றி ஒரு வீட்டினுள் எழுந்த கருத்துவேற்றுமையேயன்றிப் பிறிதன்று. ஆயினும் அதன்கண் தோழி தாயை இகழ்ந்தாளல்லள். உண்மைக் காரணத்தை வெளிப்படுத்தி அறத்தொடு நிற்றலே அவள் செய்வது. தாயின் அச்சம் பொய்யன்று. அவள் கண்ட காரணமே பொய். இவ்விரண்டனையும் வேறுபிரித்து அறிதல் இன்றைய வீட்டிலும் வேண்டற்பாலது.

இனிச் சோதிடம் பேசுவோர் கொள்ளும் பொருளை நோக்குவாம். அவர் இப்பதிகத்தைக் கோள்களுக்குரிய பரிகாரமென்பர். இன்ன கோள் தீதாயின் இத்தனை முறை ஓதுக என விதிப்பாரும் உளர். அங்ஙனமாயின் கோள்களே கொடுப்பவையாகவும், பதிகம் அவற்றிற்குச் செலுத்தும் கையுறையாகவும் முடியும். பதிகத்தின் அமைப்பு இதற்கு இடந்தாராது. முதற்பாட்டில் ஞாயிறு முதலிய எழுவரும் பாம்பிரண்டும் கிழமை முறையிலேயே கூறப்பட்டனர். இன்னது நன்று இன்னது தீது என்னும் பகுப்பு அங்கில்லை. பின்வரும் பாட்டுக்களில் புலி, கொலையானை, பன்றி முதலிய விலங்குகளும், வெப்பு, குளிர், வாதம், பித்தம் என்னும் நோய்களும், கடலும் பிறவும் அதே வரிசையில் வைத்து ஓதப்பட்டன. எனவே பிள்ளையார் கோள்களுக்குத் தனித்ததோர் ஆட்சியை வழங்கினாரல்லர். புலியும் காய்ச்சலும் எவ்வகையினவோ அவ்வகையினவாகவே கொண்டார். புலியை விலக்க வேலியும், காய்ச்சலைத் தணிக்க மருந்தும் வேண்டுமென்பதை அவ்வரிசை மறுப்பதன்று. இறைவன் இன்பதுன்பங்களை ஊட்டி வினையறுத்தலுக்குச் சிவஞானசித்தியார் மருத்துவனையே உவமை காட்டும்: சில நோயை அறுத்துக் கீறியும், சில நோயைப் பாலும் கட்டியும் கொடுத்தும் தீர்ப்பான் அவன் என்று. மருத்துவனை உவமையாக எடுத்த சாத்திரம் மருத்துவ நூலுக்குப் பகையாதல் யாண்டையது?

சித்தாந்த முடிபும் இதுவே. வினை சடம், தானே சென்று தன்னைச் செய்தானை அறிந்து பயனூட்டமாட்டாது, ஊட்டுவான் இறைவன் என்பது சிவஞானபோதம் இரண்டாஞ் சூத்திரத்துப் பெறப்படும். வினைக்கே அவ்வாற்றல் இல்லையெனின், மண்ணும் வளியுமாகிய கோள்களுக்கு அஃது எங்ஙனம் கூடும்? ஆகலின் ‘சனி கெடுத்தான், வியாழன் கொடுத்தான்’ என்பது சைவர் வாயில் வரத்தகாத சொல்.

அற்றேல், பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு என்னும் ஆறும் கருவிலேயே அமைந்தன என அச்சித்தியார்தானே கூறுமாலோ? அமைந்ததனைப் பிறந்த வேளையின் கோள்நிலை காட்டுமெனக் கொண்டால் இழுக்கென்னை? கோள் செய்வதன்று, அறிவிப்பது மாத்திரமே எனலாகாதோ? என்று வினவுவார் உளர். இவ்வினா நுட்பமுடையது, இகழ்ந்து தள்ளத்தக்கதன்று. ஏது காரகம் எனவும் ஞாபகம் எனவும் இருவகைத்து. காரகம் ஒன்றனைச் செய்வது. ஞாபகம் ஒன்றனை அறிவிப்பது. கோளைக் காரகமெனல் ஆகாதென்பது மேலே முடிந்தது. ஞாபகமெனக் கொள்ளின், அது கருதலளவையின்பாற்படும். கருதலளவைக்கு விட்டுநீங்காத உடனிகழ்ச்சி, அஃதாவது வியாத்தி, இன்றியமையாதது. புகையுள்ள இடத்தெல்லாம் நெருப்புண்மை கண்டபின்னரே புகை நெருப்பிற்கு அறிகுறியாயிற்று. அங்ஙனமே இன்ன கோள்நிலையிற் பிறந்தாரெல்லாம் இன்ன பயன் பெற்றனர் என்பது கண்டு நிறுவப்படல் வேண்டும். ஒரு தாய் வயிற்றிற் சிலநொடி இடையிட்டுப் பிறந்த இரட்டையர் ஊழ்வேறுபட்டு வாழ்தலை உலகம் காண்கின்றது.

இவ்வியாத்தியைச் சோதித்துப் பார்த்தோரும் உளர். வானநூற் பேரறிஞர் ஜயந்த் நார்லிகரும் அவருடன் பணிபுரிந்தோரும் மகாராட்டிரத்தில் நடத்திய ஆராய்ச்சி 2009ஆம் ஆண்டு ‘கரன்ட் சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. படிப்பில் மிக்க 100 சிறார்களின் சாதகங்களும், மனவளர்ச்சி குன்றிய 100 சிறார்களின் சாதகங்களும் கலக்கப்பட்டன. சோதிடர் ஒவ்வொருவருக்கும் 40 சாதகம் அனுப்பி, இன்ன சாதகம் இன்ன திறத்தார்க்குரியதெனப் பிரிக்குமாறு கேட்கப்பட்டது. விடை விடுத்தோர் 27 பேர். அவர் கூறியவற்றுள் சரியாயின நூற்றுக்கு 46. காசைச் சுண்டிப் பூவா தலையா எனக் கூறினும் நூற்றுக்கு 50 அளவில் சரியாகுமாதலின், இங்கு வியாத்தி காணப்பட்டிலது. அளவை நூலை ஒப்புக்கொண்ட சைவர்க்கு இம்முடிபு அயலார் கொண்டுவந்த பகையன்று. தம் சாத்திரம் கேட்கும் கேள்விக்குக் கிடைத்த விடையே.

இவ்வளவால் பஞ்சாங்கமும் பழுதென்று எறிந்துவிடுதல் மற்றொரு பிழை. சோதிடம் என ஒருபெயராற் கூறப்படினும் அதன்கண் கணிதம் வேறு, பலன் வேறு. தமிழ்க் கணிதர் திறத்தை அயல்நாட்டறிஞரே வியந்துள்ளனர். 1769ஆம் ஆண்டில் வெள்ளி ஞாயிற்றைக் கடத்தலைக் காணப் புதுச்சேரிக்கு வந்து முகிலால் ஏமாந்த பிரெஞ்சு வானநூலார் லெ ழாந்தீய் என்பவர், அங்கிருந்த தமிழரிடம் கிரகணக் கணிதம் கற்றார். 1765ஆம் ஆண்டு ஆகத்து 30ஆம் நாள் நிகழ்ந்த திங்கட் கிரகணத்தின் கால அளவில் தமிழ்க்கணிதம் 41 விநாடி குறைந்தும், அக்காலத்து ஐரோப்பாவிற் சிறந்திருந்த மாயர் வாய்பாடு 68 விநாடி மிகுந்தும் நின்றன. 1825ஆம் ஆண்டு வாரன் என்பார் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலித’த்தில் மற்றொரு தமிழ்க்கணிதர் காணப்படுகின்றார். அவர் எழுதுகோலின்றிச் சோழிகளைத் தரையிற் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டின் திங்கட் கிரகணத்தைக் கணித்தார். பிழை, தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமாக இருந்தது.

இவ்விரு செய்தியும் பெருமைக்கு மாத்திரமன்றிப் படிப்பினைக்கும் உரியன. பிழை இத்துணையென அளக்கலாயிற்று, அளக்கப்பட்டது திருத்தப்படும். சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் 19ஆம் நூற்றாண்டிலேயே, வாக்கியக் கணிதம் வானிற் காணும் நிலையோடு பொருந்துமாறு திருக்கணிதமாகத் திருந்துதல் வேண்டுமென வற்புறுத்தினார். தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கமாகக் கொள்கின்றோமாயினும், ஞாயிறு வடக்கு நோக்கித் திரும்புதல் திசம்பர் 21 அல்லது 22ஆம் நாளில் நிகழ்கின்றது. இடையே ஏறக்குறைய 24 நாள் விலகிற்று. இதனையும் கண்ணாற் கண்டு சொல்லலாம். பலன் கூறும் பகுதியிலோ, பொய்த்ததனை அளந்து திருத்தும் முறை அமைந்திலது. பொய்த்தவிடத்துக் கேட்டோன் வினையின்மேற் பழி ஏற்றப்படும். கணிதம் திருந்துவதனால் அறிவாயிற்று. பலன் திருந்தாமையால் அச்சமாய் நின்றது.

இனி விஞ்ஞானப் பக்கத்தார்க்கும் ஒன்று கூறற்பாலது. கோள் பயன்கொடாது என அவர் கூறும்பொழுது சித்தாந்தத்தோடு ஒத்தே நிற்கின்றனர். அதனோடமையாது, பயன் கொடுப்பானே இல்லையெனத் தாவுவராயின், அது தொலைநோக்கி காட்டிய பொருளன்று. வேறு அளவைகொண்டு ஆராயவேண்டும் பொருள். அன்றியும், தாம் அறிந்ததனைத் தம்மவர்பால் கூறும் முறையும் அறிவின் பகுதியே. தாய் குழந்தையின் சாதகத்தை ஏந்தி நிற்குமிடத்து, ‘நீ பேதை’ என்பானுக்கு அவள் அச்சம் விளங்கிற்றிலது. அச்சம் விளங்காதானுக்கு அவளை மாற்றும் சொல்லும் கிடையாது.

அஃதாயின் இல்லத்தில் எதனை விட்டுக்கொடுப்பது, எதனை மறுப்பது? இதற்குத் தணிகை மலையின் வழக்கே துணை செய்யும். வள்ளிநாயகியாரை மணந்த முருகப்பெருமான் அவருடன் செருத்தணிகையில் எழுந்தருளினாரெனக் கந்தபுராணம் கூறும். அத்திருமணம் தினைப்புனத்துக் களவில் தொடங்கியது. சாதகம் ஒத்துநோக்கி எழுந்ததன்று. திருத்தணிகையிற் பிறந்த கச்சியப்ப முனிவர் தணிகைப் புராணத்துட் களவுப் படலத்தை அகத்துறைகளெல்லாம் விளங்கப் பாடினார். இக்களவிற்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியமோ, தலைவனும் தலைவியும் ஒத்திருக்கவேண்டும் இயல்புகளைப் பத்தென வகுத்து, பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு, காமவாயில், நிறை, அருள், உணர்வு, திரு என மெய்ப்பாட்டியலில் எண்ணும். இன்று நாள்மீன் கொண்டு பார்க்கும் பத்துப் பொருத்தத்துள் ஒன்றேனும் அவற்றுள் இல்லை. அங்ஙனமாயினும் நல்ல நாள் நோக்குதல் தமிழர்க்கு அயலதன்று. ஓரையும் நாளும் களவியலிற் கூறப்பட்டன. தீய கோள் நீங்கிய திங்கள் சிறந்த நாளொடு கூடிய விடியலில் நடந்த மணத்தை அகநானூற்று 86ஆம் பாட்டுக் காட்டும்.

இவ்விரு செய்தியையும் ஒருங்கு வைத்து நோக்கின் எல்லை தெளிவாகும். நாள் நோக்குதல் மங்கலமாகச் செய்யும் ஒழுக்கம். அதனால் எவர்க்கும் கேடில்லை. ஆள் நோக்குதற்கு அவர் குணமும் அருளும் உணர்வுமே அளவை. அவ்விடத்துக் கோள் புகுதல் கூடாது. மூலநாளிற் பிறந்தாள் மாமனார்க்கு ஆகாள், ஆயிலியத்திற் பிறந்தாள் மாமியார்க்கு ஆகாள் என்று கூறி, ஒரு குற்றமும் செய்யாத பெண்ணை வீட்டுவாயிலினின்று திருப்புதல், சடப்பொருளின் பெயரால் உயிருக்குச் செய்யும் தீங்கு. அறிவுடைய கணவனோ மகனோ மனைவியோ உறுதியாக நின்று மறுக்கவேண்டிய இடம் இதுவே. இராகுகாலம் கழித்துப் புறப்படுவோம் என்னும் முதியவர்பொருட்டு ஒன்றரை மணிநேரம் காத்திருத்தல் அறிவுக்கு இழுக்கன்று. மருத்துவனிடம் கொண்டுபோகவேண்டிய நோயாளியை அக்காலம் கழியுமளவும் வீட்டில் வைத்திருத்தலோ அன்புக்கே இழுக்கு. பிறிதோருயிர்க்குக் கேடு விளையாத இடத்து இணங்குக. கேடு விளையும் இடத்து இணங்காதொழிக.

தணிகையின் படிகள் 365 என்பர். ஓராண்டின் நாளுக்கு ஒரு படியென எண்ணுதல் வழக்கம். வள்ளிமலைத் திருப்புகழ்ச் சச்சிதாநந்த சுவாமிகள் தொடங்கிய திருப்படித் திருவிழாவில், அடியார்கள் ஆங்கில ஆண்டின் கடைநாளிரவில் படிதோறும் திருப்புகழ் ஓதி ஏறுகின்றனர். அவ்வெண்ணின்படி அட்டமியும் நவமியும் அப்படிகளுள் அடங்கும். இது தீயநாட்படியென ஒன்றனைத் தாண்டிப்போவார் இல்லை. நாளும் கோளும் கூற்றும் தம்மை என்செய்யும் எனக் கந்தரலங்காரத்திற் கேட்ட அருணகிரிநாதர் வழிவந்த ஒழுக்கம் இஃதென்னலாம்.

திருமறைக்காட்டு வழக்கின் முடிபு பலரால் கருதப்படாது போயிற்று. பதிகம் கேட்டபின் நாவுக்கரசு சுவாமிகள் உடன்பட்டார். உடன்பட்டதோடு அமையாது, தாமும் முன்னே செல்லப் புறப்பட்டார். தீதென்று தாம் அஞ்சிய அவ்வழியிலே குழந்தைக்கு முன்னே தாம் நடக்கத் துணிந்தமையால், அவர் தடுத்தது தம் கோட்பாட்டை நிறுத்தற்கன்று என்பது வெளிப்படை. பிள்ளையாரும் வென்றோமென்று தருக்கினாரல்லர். ‘அப்பரே’ என விளித்து, அவரைச் சோழநாட்டிலேயே இருந்தருளுமாறு வேண்டினார். மனம் ஒருவாறு இசைந்து அவர் நின்றார். கருத்து வேறுபட்ட இருவருள் ஒருவர் பிள்ளாய் என்றார். மற்றவர் அப்பரே என்றார். வழக்குத் தொடங்குங்கால் இருந்த உறவுமுறை வழக்கு முடியுங்காலும் குறையாது நின்றது. கோளறு பதிகத்தை எடுத்து வழக்கிடும் இல்லத்தார் அப்பதிகத்தோடு இம்முடிபையும் சேர்த்து ஓதுவாராயின், உண்மையும் கெடாது, உறவும் கெடாது.